குடில் பாப்பாவுக்கு வெந்நீர்க் குளியல்

காஜா பேராங், மலாக்கா.
1957, கிறிஸ்மஸ் நாள், மத்தியானம்.

கிம்மாஸ் நகரில் சேசு மரி சூசை காவலில் சகல சௌபாக்கியத்தோடும் வீற்றிருக்கும், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற, மகா கனம் பொருந்திய மாமா ஞானாதிக்கம் அவர்களின் பாதங்களுக்கு, மூத்த மருமகன் சூசைமாணிக்கம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொடங்கிவிட்டேன். தங்கள் சுகத்துக்கும், முக்கியமாகத் தங்கள் ரத்தக் கொதிப்பு அடங்கியிருப்பதற்கும், இன்று காலையிலிருந்து இடைவிடாமல் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியவரும்.

நிற்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் புதுப் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருக்கிறோம். தாங்கள் சனிக்கிழமை ரயிலேறி, தம்பினில் இறங்கி, பஸ் பிடித்து வருவதாகவும், ஈப்போவில் சின்ன மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கும் அத்தை, அங்கிருந்தே ஈப்போ சகலையின் காரில் ஞாயிறு காலை வந்து சேர்வதாகவும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம். காரணம், மழை. தம்பின் ரோட்டில் தண்ணீர் நிற்பதாகக் கேள்வி. அதோடு சுவாமியாருக்கு இருமல். தலையில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் அவர் இருமினால் பிள்ளை பயந்துவிடும். பிறகு, விருந்துக்கென்று கட்டிப் போட்டிருக்கிற சேவலும் இன்னும் சரியாகத் தேறவில்லை. பொங்கலுக்கு அப்புறம், அல்லது தபசு காலம் முடிந்து பாஸ்காப் பெருநாளுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் சௌகரியம்.

சரி மாமா. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலைப் பூசையில் சுவாமியார் கணீரென்று பாடினார். சேவலை நேற்றே அறுத்தாயிற்று. எனக்குப் பொய் எழுத வராது, வந்திருந்தால் இந்நேரம் ஆபீஸில் பேனா பிடிக்கிற சாதாரணக் கிராணியாக இல்லாமல் பெரிய கிராணி ஆகியிருப்பேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு படிக்கிறீர்களா? தயவுசெய்து உட்காருங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும்.

சேசு பாலனுக்கு மூக்கு போய்விட்டது.

எந்தப் பாலன் என்று கேட்க மாட்டீர்கள். நம் குடும்பத்துக்கு இருப்பது ஒரே பாலன்தான். தங்கள் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த அதே சாந்துச் சுரூபம். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் காலையில் தாங்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, குடிலில் கிடத்த, நாங்கள் எல்லாரும் வயசு வரிசையில் மண்டியிட்டுப் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்வோமே, அதே பாலன். இத்தனை வருஷம் அதைத் தொடக்கூட விடாத தாங்கள், இந்த வருஷம் தங்கள் மகள் ரெஜினாவுக்குப் பிள்ளை பிறந்திருப்பதால் அவளால் கிம்மாஸ் வர முடியாது என்று, ரொட்டி டின்னில் பஞ்சு வைத்து, அதை என் கையில் கொடுத்தீர்கள். கார் வைத்திருக்கிற ஈப்போ சகலைக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தீர்கள். அன்றைக்குத் தம்பின் வரைக்கும் நான் ரயிலில் உட்காரவே இல்லை மாமா, டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னை ஒரு மனுஷனாக மதித்தீர்கள் என்று எனக்குத் தோன்றியது. தாங்கள் ஜன்னல் வழியாகச் சொல்லியனுப்பியதும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. ஈரக்கை படக்கூடாது. முகத்தைத் துடைக்கக்கூடாது. முத்தி பாதத்தில் மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலாகச் சூடு ஆகாது, மெழுகுவர்த்தியைத் தள்ளி வை, சூடு ஆகவே ஆகாது என்று ரயில் நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் கூடவே நடந்து வந்து சொன்னீர்கள்.

சூட்டில்தான் வந்தது வினை. இதைப் புரியவைக்க எங்கள் வீட்டு நிலவரத்தை எழுத வேண்டும். மூத்த மகளுக்குப் பிரசவம் என்றால் தாய் வந்து நிற்பதுதான் முறை. ஆனால் இரண்டு மகள்களும் ஒரே மாதத்தில் பெற்றால் அத்தைதான் என்ன செய்வார், அவர் ஈப்போவுக்குப் போய்விட்டார், நான் குறை சொல்லவில்லை, சொல்ல எனக்கு நேரமும் இல்லை. ரெஜினா பச்சை உடம்போடு உள்ளறையில் பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். வெளியறை, அடுப்படி, கிணற்றடி, மூன்று பிள்ளைகள், ஆபீஸ் எல்லாம் என் தலையில். பக்கத்து வீட்டு இப்ராஹீம் பாயின் சம்சாரம் நஜ்முன்னிசா அக்கா மட்டும் இல்லையென்றால் நான் எப்போதோ சட்டையைக் கிழித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடியிருப்பேன். அந்த அம்மாள்தான் தினம் காலையில் வந்து கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். தாங்களும் பார்த்திருப்பீர்கள், நம் பெண்பிள்ளைகள் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற லட்சணத்தை. காலை நீட்டிப் போட்டுப் பிள்ளையை அதன் மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, ஆவி பறக்கிற வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றி, மண்டையை உருட்டி, புருவத்தை நீவி, மூக்கு எடுப்பாக வரவேண்டும் என்று இரண்டு விரலால் பிடித்துப் பிடித்து இழுத்து, கடைசியில் சாம்பிராணிப் புகை காட்டி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, அப்பாடா என்று தொட்டிலில் போடுவார்கள். இந்தக் கச்சேரியைத் தினமும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் முன்வரிசையில் குந்தி உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. பாடம் படிக்கச் சொன்னால் ஐந்து நிமிஷம் உட்காராத பிள்ளைகள். நானும் நல்லதுதானே, சத்தமில்லாமல் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகளின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் செசிலிக்கு எட்டு வயசு, எதையும் தானே செய்து பார்க்க வேண்டும். நடுவில் அமல்ராஜ், அக்காள் சொன்னால் கிணற்றில்கூட இறங்குவான். கடைக்குட்டி பிலோமிக்கு நாலு வயசு, அவள் வாயில் எது போனாலும் வயிற்றுக்குப் போகும், காதில் எது போனாலும் ஊருக்குப் போகும். ஆகஸ்டு மாசம் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அந்த வாரமே இந்த வீட்டில் என் ஆட்சி முடிந்தது. பல் விளக்கு என்றாலும் கையைத் தூக்கிச் சுதந்திர கோஷம், "மெர்டேக்கா!" பள்ளிக்கூடம் போ என்றாலும் "மெர்டேக்கா!" குடில் கட்ட உட்கார்ந்தபோது மாட்டுக் கொட்டகையின் கூரையில் புதுக் கொடியைக் குத்தியே தீருவேன் என்று அமல் ஒற்றைக்காலில் நின்றான். குத்தினான். இப்போது அங்கே மூன்று ராஜாக்களும் சிறகு விரித்த சம்மனசும் கொடிக்கு மரியாதை செய்கிற மாதிரிதான் நிற்கிறார்கள்.

இன்று காலை விடிந்ததும் நான் டின்னைத் திறந்து, பாலனை எடுத்து, வெள்ளைத் தலையணை மேல் வெளியறை மேசையில் கிடத்தினேன். தாங்கள் செய்கிற மாதிரியே செய்ய வேண்டும் என்று முதலில் முகச்சவரம் செய்துகொள்ளப் பின்பக்கம் போனேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். பெருநாள் என்பதால் நஜ்முன்னிசா அக்கா சீக்கிரமே வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போய்விட்டார். மிச்ச வெந்நீர் பானையில் கொதித்துக்கொண்டு கிடந்தது. நான் ஒரு கன்னத்தைச் சிரைத்து முடித்து மறு கன்னத்துக்குச் சோப்பு நுரை போட்டுக்கொண்டிருக்கிறேன், அடுப்படியிலிருந்து அமலின் குரல் வருகிறது.

"அப்பா! பாப்பாவுக்கு ரத்தம் வருதுப்பா!"

கைக்குழந்தைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று கத்தியை விசிறிவிட்டு ஓடினேன். ஓடிப் பார்த்தால், மாமா, மணைப்பலகையில் சேசு பாலன் மல்லாந்து கிடக்கிறார். உடம்பெல்லாம் நல்லெண்ணெய். முகமெல்லாம் மஞ்சள். கன்னத்தில் பெரியதாக ஒரு மைப்பொட்டு. அமல் கையில் சாம்பிராணித் தட்டு. பிலோமி துண்டோடு தயாராக நிற்கிறாள். செசிலியின் இரண்டு விரல்களுக்கு நடுவில் பாலனின் மூக்கு. மூக்கு இருந்த இடத்தில் செக்கச் செவேலென்று ஒரு தழும்பு. செந்நிறமாக ஏதோ இளகிக் கன்னத்தில் வழிந்திருந்தது.

"என்னடி செஞ்ச, பாவி!" என்று கத்த வாயெடுத்தவன், உள்ளே பச்சை உடம்புக்காரி படுத்திருக்கிறாளே என்று சத்தத்தை விழுங்கிவிட்டேன். சத்தமில்லாமல் கத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கழுத்து நரம்பு இன்னும் வலிக்கிறது.

"குளிப்பாட்டினோம்பா" என்றாள் செசிலி, ஏதோ நான்தான் புரியாதவன் என்கிற மாதிரி. "நம்ம தம்பிய தெனம் குளிப்பாட்டுறாங்கல்ல? சேசு பாப்பா இன்னைக்குத்தானே பொறந்துச்சு. அதுவும் மாட்டுக் கொட்டாயில. குளிக்காம எப்பிடிப்பா தூங்கும்?"

"கொதிக்கிற தண்ணியையா ஊத்தின?"

"ரொம்ப சுட்டுச்சுப்பா. அதான் கால்ல போடாம பலகையில போட்டோம்."

தன் கால் சுடக்கூடாது என்கிற புத்தி மட்டும் இருக்கிறது பாருங்கள். "மூக்கை ஏன் பிடுங்கின?" என்றேன். "பிடுங்கலப்பா. நஜ்மு மாமி பிடிக்கிற மாதிரி மெதுவாத்தான் பிடிச்சேன். அதுவா கையோட வந்துருச்சு" என்றவள், அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள் போலிருக்கிறது, அவளுடைய உதடு பிதுங்கத் தொடங்கியது. உள்ளேயிருந்து ரெஜினா, "என்னங்க அங்க சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, குடில்ல ஆடு விழுந்துருச்சு" என்றேன். பார்த்தீர்களா, பொய் வராது என்று மேலே எழுதினேன், அவசரத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த முகத்தை நான் துடைக்காத துணி இல்லை. மஞ்சள் போகவில்லை. ரோஜா நிறத்தில் இருந்த கன்னச் சாயம்தான் போனது. அந்தச் செந்நிறம் மட்டும் தேய்த்தாலும் போகவில்லை. அந்தக் காலத்து நாகப்பட்டினத்துச் சாயம் எவ்வளவு கெட்டி என்று அந்த நிலையிலும் வியந்தேன். ரெஜினாவோ முத்தி செய்யப் பாலனைக் கொண்டுவாருங்கள் என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தலை முதல் முழங்கால் வரை துண்டில் சுருட்டி, பாதம் மட்டும் வெளியே தெரியக் கொண்டுபோய் நீட்டினேன். "இதென்ன இப்பிடிப் பொட்டலம் கட்டியிருக்கீங்க?" என்றாள். "பனி" என்றேன். மலாக்காவில் பனி! ஒருமாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு முத்தி செய்தாள். "சாம்பிராணி வாசன வருதே" என்றாள். "பெருநாள்தானே" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன்.

பூசைக்குப் போனோம். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும்தான் போனேன் என்பது கோயிலில் மண்டியிட்டு, கன்னத்தில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. யாரிடமும் எதுவும் பேசக்கூடாது என்று மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். பூசை நல்லபடியாகத்தான் முடிந்தது. முடிந்ததும் எல்லாரும் குடிலைப் பார்க்க வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. கோயில் முழுக்க அமைதி. அமல் எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டை கிழியச் சொன்னான்: "அப்பா, இவங்க பாப்பாவுக்கு மூக்கு இருக்குப்பா!" எனக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிலோமி, கேட்டவர்களுக்கெல்லாம், "எங்க பாப்பா மூக்க அக்கா புடுங்கிட்டா" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டே வந்தாள். செசிலி மட்டும் வழி நெடுகத் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள்.

இனி மூக்குக்கு வழி என்ன? போர்த்துகீசியர் குடியிருக்கிற உஜோங் பாசிர் பக்கம் சுரூபத்துக்குச் சாயம் பூசுகிற ஒருவர் இருப்பதாகக் கேள்வி. ஆனால் அங்கே இன்று வீட்டுக்கு வீடு விருந்து, பெருநாளும் அதுவுமாக யார் பாட்டை நிறுத்திவிட்டு என் மூக்கை ஒட்டிக் கொடுப்பார்கள்? செசிலியின் கையில் வந்த மூக்கோ பிசுபிசுவென்று நசுங்கி உருத் தெரியாமல் கிடந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, நெய்யுருண்டைக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, என் கையாலேயே ஒரு மூக்கு பிடித்து வைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, மஞ்சள் முகத்துக்கு அந்த மாவு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கட்டும் என்று குடிலுக்கு முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டேன்.

இந்த ஊரில் பெருநாள் என்றால் யார் வீட்டுப் பெருநாள் என்று பார்க்கிற வழக்கம் இல்லையே, எல்லாரும் வருவார்கள். முதலில் வந்தவர் எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி கலியாணசுந்தரம். அவருக்கு இன்னும் கொஞ்ச நாளில் மாற்றல், அவர் நாற்காலிக்கு யார் பெயரைச் சிபாரிசு செய்வார் என்று ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்கிறது. கூடவே அவர் சம்சாரம் சிவகாமசுந்தரி. அந்த அம்மாளுக்குப் பெருமாள் கோயிலானாலும் மாதா கோயிலானாலும் சாமி என்றால் கிட்டப் போய்க் கும்பிட வேண்டும். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தார்.

"ஐயோ, கொழந்தைக்கு மஞ்சக் காமாலையா?"

"இல்லங்கம்மா, அந்தக் காலத்துச் சாயம்" என்றேன்.

"பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க?"

"நாகப்பட்டினத்து வழக்கம்" என்றேன். மாமா, தங்கள் ஊர்ப் பெயரை நான் இழுத்துவிட்டதற்கு மன்னிக்கவும்.

"சரிலா சூசை, பெருநாளும் அதுவுமா ஏன் இப்பிடி வேர்க்குது ஒங்களுக்கு?" என்று பெரிய கிராணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மாள் பிலோமியைத் தூக்கி, "எங்க, சாமிக்கு ஒரு முத்தம் குடு பார்ப்போம்" என்று குடிலுக்குள் நீட்டினார். பாதத்தில் மட்டும்தான் முத்தி என்று நான் கத்துவதற்குள் பிலோமி பாலனின் முகத்தில் வாயை வைத்தாள். எடுக்கும்போது மூக்கு இல்லை. இரண்டு தரம் மென்றாள். "இனிப்பா இருக்கு" என்றாள்.

அந்த அம்மாள் பிலோமியைக் கீழே இறக்கிவிட்ட வேகத்தை நான் சொல்ல வேண்டாம். பெரிய கிராணி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். பதற்றத்தில் நான், "வேற மூக்கு இருக்குங்க, மாவு நெறைய பெசஞ்சு வெச்சிருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர்கள் போகும்போது கேக் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாற்காலி இனி எனக்கு இல்லை மாமா. போகட்டும், நாற்காலி கிடக்கிறது.

சத்தம் கேட்டு நஜ்முன்னிசா அக்கா வேலிப்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அந்த மனுஷி சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "ஏன் தம்பி, பிள்ளைய ஏசுறீங்க? எண்ணெ, மஞ்சள், சாம்பிராணி, ஒண்ணு விடாமச் செஞ்சிருக்கா. தண்ணி மட்டுந்தான் கொஞ்சம் சூடு" என்று செசிலிக்குச் சான்றிதழ் கொடுத்தார். எனக்கு வந்த எரிச்சலில் அவரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாளைக்குக் கைக்குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இவ்வளவும் நான் ஆத்திரத்தில்தான் எழுதிக்கொண்டு வந்தேன் மாமா. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் செசிலியைக் காணவில்லை. தேடினால், புதுக் கவுனைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, பழைய பாவாடையோடு குடிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கேக் வேண்டாமாம். கோழி வேண்டாமாம். "தாத்தா ஞாயித்துக்கெழம வருவார்ல? என்னையத் திட்டுவாரா, இல்ல பேசவே மாட்டாராப்பா?" என்று கேட்டாள். தாங்கள் எப்படிக் கோபப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும், தங்கள் மகளை எனக்குக் கொடுத்த நாளிலிருந்து தெரியும். அவளுக்குத் தாத்தா என்றால் உயிர். தாங்கள் பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பிள்ளை தாங்காது. பிறந்த பிள்ளை குளிக்காமல் கிடக்கக்கூடாது என்று நினைத்தது ஒரு குற்றமா? அடுப்படியில் வைத்து நானும் அவளைப் பாவி என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் வரவேண்டாம் என்று எழுதினேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். பாலனைத் திரும்ப வாங்கி ஈப்போ சகலை கையில் கொடுங்கள், அவர் காரில் வைத்து ஊர்வலம் விடட்டும். இந்தக் கிராணிக்கு ஒரு சாந்துப் பொம்மையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். தங்கள் கோபம் ஆறுகிற வரைக்கும், அது பாஸ்காவானாலும் சரி, அடுத்த கிறிஸ்மஸ் ஆனாலும் சரி, ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடுகிறேன். தபாலில் போட்டால் நேரமாகும் என்று, ரயிலில் கார்டாக இருக்கிற நம் நல்லையாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை கிம்மாஸ் ஸ்டேஷனில் தங்கள் கையிலேயே சேர்ப்பார்.

தங்கள் முழங்கால் வலி நீங்கவும், ரத்தக் கொதிப்பு இறங்கவும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அது இறங்கியே இருக்கவும், பிறந்திருக்கிற பாலன், மூக்கு உள்ளவரோ இல்லாதவரோ, தங்களை ஆசீர்வதிப்பாராக. அத்தைக்கு எங்கள் தோத்திரம். ஈப்போ சகலைக்கு என் விசாரிப்பைச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரனல்லாத மருமகன்,
சூசைமாணிக்கம்.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய மன்னிப்புகள் அத்தனையையும் இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடிதத்தை மடிக்கிற நேரத்தில் ரெஜினா எழுந்து வந்து, "காலையிலேருந்து எல்லாருமா என்னத்த மறைக்கிறீங்க?" என்று பிடுங்கிப் படித்தாள். அழப்போகிறாள் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். படித்து முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பச்சை உடம்பு, தையல் கியல் பிரிந்துவிடப் போகிறது என்று நான் பதறுகிறேன், அவள் நிறுத்தவில்லை. "செவப்பா இருந்துச்சா? எளகி வழிஞ்சுச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். தீப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அந்த மூக்கை முகர்ந்து பார்த்து, "அப்பாவோட அரக்கேதான்" என்றாள்.

மாமா, அவளுக்கு ஐந்து வயசு, ஈப்போத் தங்கச்சி பிறந்த மாதம், அத்தை இதே மாதிரி உள்ளறையில் படுத்திருந்தாராம். கிறிஸ்மஸ் காலையில், தங்கச்சிப் பாப்பா மட்டும் குளிக்கிறாள், சேசு பாப்பா குளிக்கவில்லையே என்று ரெஜினா தரையில் புரண்டு அழுதாளாம். அவள் அழுகையை நிறுத்தத் தாங்களே அந்தப் பாலனை ஸ்டேஷன் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டீர்களாம். கை வழுக்கியதாம். பிறகு ஸ்டேஷன் காசுப் பைக்கு முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கை உருக்கி ஒரு மூக்கு வைத்து, மேலே சாயம் பூசி, அத்தையிடம் சொல்லக்கூடாது என்று ஐந்து வயசுப் பிள்ளையிடம் அந்தோனியார் பேரில் சத்தியம் வாங்கி, அதற்குக் கூலியாக ஒரு மாசம் மெயில் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்ட விட்டீர்களாம். அவள் வாக்குத் தவறாமல் இன்றைக்கு வரைக்கும் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சூடு ஆகாது, சூடு ஆகவே ஆகாது! இப்போதல்லவா தெரிகிறது. நாகப்பட்டினத்துச் சாயமாம், கெட்டியாம், நானும் வியந்தேனாம்.

செசிலியைக் கூப்பிட்டு ரெஜினா காதோடு சொன்னாள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாத்தாவும் குளிப்பாட்டினாரா?" என்று கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். பிறகு போய்ப் புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து, இலையில் உட்கார்ந்து, கோழிக்கால் இரண்டும் தனக்கே வேண்டும் என்றாள்.

ஆகவே ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். தாங்கள் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கடிதம் கண்டவுடன் அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வரவும். வரும்போது அரக்கு ஒரு துண்டு கொண்டுவரவும், சிவப்பு அல்லாத வேறு நிறம் கிடைத்தால் நல்லது. ஞாயிறு காலை அத்தை வந்து இறங்குவதற்குள் மூக்கு நிற்க வேண்டும். ரெஜினா சொல்ல மாட்டாள், நான் சொல்ல மாட்டேன், செசிலி செத்தாலும் தாத்தாவைக் காட்டிக் கொடுக்க மாட்டாள். ஆனால் அவள் காதில் ரெஜினா சொல்லும்போது பிலோமி கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறாள்.